கிணற்றைக் கொடுத்த காசிம் ராவுத்தர்

சென்ற வெள்ளிக்கிழமை காலை, பள்ளியில் பிள்ளைகள் வகுப்புக்குள் நுழைந்துகொண்டிருந்த நேரம். எங்கள் பள்ளி ஆயா வாசலில் நின்று என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். "டீச்சர், மரக்கடை ராவுத்தர் தவறிட்டாகளாம்" என்றார். லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு நடந்தேன். வழியில் அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

மறுநாள் நகரசபையில் இரங்கல் தீர்மானம் போட்டார்களாம். "ஊருக்குச் சாலை தந்த வள்ளல்" என்று சேர்மன் பேசினாராம். அவர் கொடுத்தது சாலை இல்லை ஐயா, எங்கள் தெருவின் குடிதண்ணீர். வேறு யாரும் இதை எழுதப்போவதில்லை என்பதால் நான் எழுதுகிறேன். ஊர்ப் பெயரை விட்டுவிடுகிறேன். காரைக்குடிப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லாமலே தெரியும்.

காசிம் ராவுத்தர் அவர்கள் எங்கள் தெருக் கோடியில் மரக்கடை வைத்திருந்தார்கள். கடையை ஒட்டியே அவர்கள் வீடு. தட்டார்களும் தச்சர்களும் முஸ்லிம் குடும்பங்களும் கலந்து வாழும் தெரு அது. எந்த வீட்டில் தோண்டினாலும் உப்புத் தண்ணீர்தான். மரக்கடைக் கிணற்றுத் தண்ணீர் ஒன்றில்தான் பருப்பு வேகும். விடிந்ததும் கடைக் கதவைத் திறந்து வைத்துவிடுவார்கள். யார் வீட்டுப் பெண், என்ன சாதி என்று ஒரு நாளும் கேட்டதில்லை. நான் மாற்றலாகி வந்த புதிதில் குடத்தோடு தயங்கி நின்றபோது, "என்ன டீச்சரம்மா, கெணத்துக்கிட்டயும் அட்டெண்டன்ஸ் எடுத்தாத்தான் வருவீகளா? எறைச்சுட்டுப் போங்க" என்று கேலி செய்தார்கள்.

அறுபதுகளின் நடுவில்தான் எங்களுக்குச் சனியன் பிடித்தது. எங்கள் தெரு ஒரு முட்டுச்சந்து. அதை நீட்டி ஸ்டேஷன் ரோட்டோடு சேர்க்கப்போவதாக நகரசபை சொன்னது. நிலம் வாங்கப் பணம் கிடையாதாம். சொந்தக்காரர்கள் இடத்தை இலவசமாக எழுதிக் கொடுத்தால் நகரசபை ரோடு போடும், ரோட்டோடு குடிதண்ணீர்க் குழாயும் வரும் என்பது ஏற்பாடு. ராவுத்தரின் மரக்கடையில் பாதி போகும், கிணறும் போகும். தச்சர் வீடுகளின் கொல்லையில் ஆளுக்கொரு துண்டு போகும். அதற்கப்பால் ஸ்டேஷன் ரோடு வரைக்கும் உள்ள காலி மனை, ஊரில் எல்லாரும் பெரிய வீட்டுக்காரர் என்று சொல்கிறவருடையது.

கூட்டம் மரக்கடையிலேயே நடந்தது. தேக்குத் தடிகளின் மேல் எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். "கெணத்த மூடிட்டா நாங்க தண்ணிக்கு எங்குட்டுப் போறது?" என்று கேட்டாள் லட்சுமி. தட்டார் வீட்டு மருமகள். யாருக்கும் பயப்படாத வாய். "கொழாய் வந்தப்புறந்தான் மூடுவாக, ஆத்தா. சேர்மனே என்கிட்டச் சொல்லியிருக்காக. நான் பொறுப்பு" என்றார்கள் ராவுத்தர். பெரிய வீட்டுக்காரரும், "ஊருக்கு நல்லதுன்னா செய்யவேண்டியதுதான்" என்று தலையை ஆட்டினார். தலையைத்தான் ஆட்டினார், கையெழுத்துப் போடவில்லை என்பது அன்று எங்களுக்கு உறைக்கவில்லை.

மர வியாபாரத்தில் வாய்ப்பேச்சுத்தான் பத்திரம். திருப்பத்தூரிலிருந்து ஒருவர் ஆள் விட்டுச் சொன்னால் போதும், லாரியில் மரத்தை ஏற்றி அனுப்பிவிடுவார்கள் ராவுத்தர். நகரசபையையும் அப்படியே நம்பி இடத்தை எழுதிக் கொடுத்தார்கள்.

அடுத்த கோடையில் ஓவர்சியர் வந்தார். கிணறு இருக்கிறவரை ரோடு ரோலர் இறங்காது, முதலில் மூடிக் கொடுங்கள், குழாய் பின்னாலேயே வருகிறது என்றார். ராவுத்தர் வீட்டம்மா வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்கள். "நான் தயங்குனா மத்தவுகளும் பின்வாங்கிருவாக. அப்புறம் கொழாயே வராது" என்று சொல்லிவிட்டு, முதல் கூடை மண்ணை ராவுத்தர் தம் கையாலேயே கொட்டினார்கள். மண் தண்ணீரில் விழுந்த சத்தத்தைக் கேட்டு லட்சுமி தலையில் அடித்துக்கொண்டாள்.

ரோடு வந்தது. பெரிய வீட்டுக்காரர் மனையின் சுவர் வரைக்கும் வந்து நின்றது. மனை பொதுச்சொத்து, பங்காளிகள் எல்லாரும் சம்மதிக்க வேண்டும், ஒருவர் மலேயாவில் இருக்கிறார் என்றார் அவர். எங்கள் பக்கத்தில் யாரும் மறுத்துப் பேச முடியாத காரணம் அது. மலேயாக்காரர் வரவே இல்லை. ஆனால் அவர் சம்மதத்துக்குக் காத்திராமலே அந்தச் சுவரை இடித்துப் பெரிய கேட் வைத்தார்கள், உள்ளே ரைஸ்மில் எழும்பியது. நாங்கள் இனாமாகக் கொடுத்த நிலத்தில் நகரசபை போட்ட ரோட்டில் அவருடைய நெல் லாரிகள் போய் வந்தன. குழாய் என்னாயிற்று என்று நகரசபைக்கு நானே போய்க் கேட்டேன். "ரோடு முழுசா முடியாமக் கொழாய் பதிக்க முடியாதும்மா" என்று கூசாமல் சொன்னார்கள். வெட்கங்கெட்ட ஜன்மங்கள்.

அன்றிலிருந்து எங்களுக்கு ஊருணி நடைதான். ராவுத்தர் தம் செலவில் மாட்டுவண்டியில் பீப்பாய் வைத்துத் தண்ணீர் கொண்டுவரச் செய்தார்கள். மாடு படுத்துவிட்ட ஒரு நாள், லட்சுமி நடுத்தெருவில் நின்று ஏசினாள். "ஒங்க வாய நம்பித்தானே பாய் நாங்க நாசமாப் போனோம்! பொறுப்புன்னு சொன்னீகளே, எங்க போச்சு அந்தப் பொறுப்பு?" நான் அவளை அடக்கப் போனேன். "விடுங்க டீச்சரம்மா. அந்தப் புள்ள கேக்குறது நியாயந்தானே? கேக்கவேண்டிய ஆளுக்கிட்ட அதை அண்டவிட மாட்டாக. என்னையாச்சும் கேக்கட்டும்" என்றார்கள்.

நகரசபைக்கு அலைந்து அலைந்து ராவுத்தருக்குச் செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம். கடைசியில் ஒரு நாள் காலை, ராவுத்தரே கடப்பாரையோடு வந்து கிணறு இருந்த இடத்தில் ரோட்டைத் தோண்ட ஆரம்பித்துவிட்டார்கள். தார் பெயர்ந்து சரளை தெரியும்போதே போலீஸ்காரர் வந்துவிட்டார். பொதுச்சொத்தைச் சேதப்படுத்தினாராம்! "எங்கெணத்தத்தான்யா தேடுறேன்" என்று ராவுத்தர் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. ஸ்டேஷனில் உட்காரவைத்து, சாயங்காலம் அனுப்பினார்கள். அதற்குப் பிறகு அவர்கள் தலைநிமிர்ந்து நடந்து நான் பார்க்கவில்லை. மரக்கடையில் மிஞ்சியிருந்ததையும் விற்றுவிட்டு வீட்டோடு முடங்கிப்போனார்கள். எங்களுக்கு முகம் காட்டக் கூசியே அந்த மனிதர் செத்தார் என்பேன். கூச வேண்டியவர்கள் மாலையோடு வந்து நின்றார்கள்.

ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்றார்கள். மய்யித்தைக் குளிப்பாட்டத் தண்ணீர் வேண்டுமே. யாரும் சொல்லவில்லை, எங்கள் தெருப் பெண்கள் ஊருணியிலிருந்து குடம் குடமாகச் சுமந்துவந்து அந்த வீட்டு வாசலில் வைத்தார்கள். லட்சுமி எத்தனை நடை நடந்தாளோ தெரியாது.

மய்யித்தைச் சந்தூக்குப் பெட்டியில் வைத்துத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்தார்கள். பின்னால் ரைஸ்மில் கேட்டைத் திறந்துகொண்டு ஒரு லாரி வந்தது. டிரைவர் ஹாரனை விடாமல் அழுத்தினான். தூக்கியவர்கள் வழக்கம்போல ஓரமாக ஒதுங்கினார்கள். லட்சுமி ஓடிப்போய் லாரிக்கு முன்னால் நின்றாள்.

"எடுறா பின்னால! நீ நிக்கிறது அவுக எடம்டா! இன்னைக்கு ஒரு நாளாச்சும் அவுக நடுவுல போகட்டும்!"

லாரி பின்வாங்கிக் கேட்டுக்குள் போயிற்று. ஒதுங்கியவர்கள் திரும்பவும் நடு ரோட்டுக்கு வந்து நடந்தார்கள்.

காசிம் அண்ணே, இந்த ஊரில் பொறுப்பு என்று வாய்விட்டுச் சொன்னவர் நீங்கள் ஒருவர்தான். அதனால்தான் எல்லாரும் உங்களையே கேட்டோம். இனி யாரும் கேட்கமாட்டோம். நிம்மதியாக உறங்குங்கள், தண்ணீரை நாங்கள் சுமந்துகொள்கிறோம்.