மாதா ஏறிய லொறி

போன ஞாயிற்றுக்கிழமை மனைவி ரீற்றாவோடு, லண்டனில் நாங்கள் இருக்கும் மோர்டன் பக்கத்துப் பூங்காவுக்கு நடக்கப் போனேன். நடக்கச் சொன்னவர் வைத்தியர்; நடுவில் ஐஸ்கிறீம் வாங்குவது நாங்களாகச் சேர்த்துக்கொண்டது. அங்கே பழைய வாகனங்களின் கண்காட்சி. வரிசையின் கடைசியில் ஒரு பச்சை லொறி, முகம் பார்க்கக்கூடிய பூச்சோடு நின்றது. கிட்டப் போனதும் டீசலும் மெழுகும் கலந்த மணம் மூக்கில் ஏறியது. உங்களுக்கு அது எண்ணெய் மணம். எனக்கு அது மாதா கோயில் மணம். சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

தொண்ணூறுகளில் நான் ஒரு பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட் வேலை செய்துகொண்டிருந்தேன். கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்து சில்லறை கொடுப்பதுதான் வேலை. ஊருக்கு எழுதும்போது மட்டும் ‘எரிபொருள் கம்பனியில் இருக்கிறேன்’ என்று எழுதுவேன். ஞாயிறுகளில் மோர்டனில் தமிழ்ப் பூசை. யாழ்ப்பாணத்தவர்களும் மன்னார்க்காரர்களுமாகக் கொஞ்சக் குடும்பங்கள். மாதா திருநாளுக்கு ஊரில் போலத் தெருவில் ஊர்வலம் போகவேண்டும் என்று எல்லோருக்கும் ஆசை. பங்குச் சுவாமியார் அயர்லாந்துக்காரர், நல்ல மனிதர், ஆனால் எதற்கும் பயந்தவர். ‘மழை பெய்யுமே’ என்றார். ‘பொலீஸ் கேட்குமே’ என்றார். கடைசியில், ‘ஒருமுறை பார்ப்போம். ஏதாவது பிசகினால் அதோடு சரி’ என்று இறங்கி வந்தார்.

மாதாவின் சுரூபம் பெரிய சிலை. தோளில் சுமந்து அவ்வளவு தூரம் போக ஏலாது. அப்போதுதான் கோயிலின் கடைசி வாங்கில் உட்கார்ந்து பூசை காணும் கென் என்ற வெள்ளைக்காரர் தன் லொறியைத் தருகிறேன் என்றார். ஓய்வுபெற்ற தபால்காரர். துருப்பிடித்துக் கிடந்த ஒரு லொறியை வாங்கி, வருடக்கணக்காக ஒவ்வொரு ஆணியாகக் கழற்றிப் பூட்டிப் புதிதாக்கியிருந்தார். அதன் டீசல் பம்பையோ வேறு எதையோ சாப்பாட்டு மேசையில் வைத்துத் துடைத்ததற்காக, அவருடைய மனைவி ஒரு வாரம் தங்கை வீட்டில் போய் இருந்தாராம்.

லொறியைப் பார்க்கப் போனபோது சூசை அண்ணையும் வந்திருந்தார். மன்னார் பேசாலைக்காரர், எங்கள் எல்லோருக்கும் மூத்தவர், எங்களுக்கு வெகுகாலம் முன்னரே லண்டன் வந்தவர். பூசைக்காக லண்டனின் மேற்கே சவுத்தாலிலிருந்து பஸ்ஸும் ரயிலும் மாறி வருவார். லொறியின் மட்கார்டில் தட்டி, “உது நாங்கள் செய்த லொறி” என்றார்.

உண்மைதான். அது சவுத்தாலில் செய்த லொறி. சூசை அண்ணை அந்தத் தொழிற்சாலையில் நெடுங்காலம் இருந்தவர். அன்று முழுச் சரித்திரமும் கேட்டோம்.

“முதல்ல பஸ். இந்த லண்டன் சிவப்பு பஸ் எல்லாம் எங்கட இடத்திலதான். பிறகு ரெண்டாம் உலகச் சண்டை வந்திட்டுது, இங்கத்தை ஆமிக்கு லொறி. சண்டை முடிஞ்ச கையோட உலகம் முழுக்க அனுப்பினது. பிறகு வடக்கில இருந்து பெரிய கொம்பனி ஒண்டு வந்து வாங்கினது. கொஞ்சக் காலத்தில கேற்றைப் பூட்டிப்போட்டினம்.”

கென் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். ‘நாங்கள்’ என்றால் யார், அதில் சூசை அண்ணை செய்தது என்ன என்று நாங்கள் ஒருவரும் கேட்கவில்லை. எரிபொருள் கம்பனிக்காரன் எப்படிக் கேட்பது?

திருநாள் அன்று மழை பெய்யவில்லை. நீலப் பட்டும் மின்குமிழ் மாலையுமாக மாதா லொறியில் ஏறினார். உயரமானவன் என்பதால் பின்னால் நின்று சுரூபத்தைப் பிடிக்கும் வேலை எனக்கு. கென் ஓட்டினார். பக்கத்தில் சூசை அண்ணை, தான் கட்டிய கப்பலைக் கடலில் இறக்கியவர்போலத் தெருவுக்குக் கை காட்டிக்கொண்டு வந்தார்.

ஒரு பப்புக்கு முன்னால் சின்ன ஏற்றம். அங்கே லொறியின் முகத்திலிருந்து வெள்ளைப் புகை எழும்பியது. சாம்பிராணி என்று நினைத்துச் சிலர் சிலுவை போட்டார்கள். லொறி இரண்டு முறை விக்கிவிட்டு நின்றது.

கென் இறங்கிப் பார்த்தார். நடை வேகத்தில் வந்ததால் காற்றுப் படவில்லை, ரேடியேற்றரில் தண்ணீர் கொதித்துவிட்டது, ஆறும்வரை தொடமுடியாது என்றார். கூட வந்த பொலீஸ்காரர், அவ்வளவு நேரம் தெருவை மறிக்க முடியாது, இழுத்துப் போக வண்டியைக் கூப்பிடுகிறேன் என்றார். சுவாமியார் கண்ணை மூடிக்கொண்டார்.

“மாதாவைக் கொக்கியில கொழுவி இழுக்கிறதோ!” என்று ஒரு பெண் குரல். எல்லாக் கண்களும் சூசை அண்ணை பக்கம் திரும்பின.

“அண்ணை, நீங்கள் செய்த லொறிதானே. ஏதாவது செய்யுங்கோ.”

அவர் இறங்கி, முன்பின் தெரியாதவர் வீட்டுக் குழந்தையைப் பார்ப்பதுபோல எஞ்சினைப் பார்த்தார். பிறகு என் பக்கம் வந்து குனியச் சொன்னார்.

“தம்பி, ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை. நான் அங்க கன்ரீனில இருந்தனான்.”

“கன்ரீனிலயோ?”

“ஓம். தேத்தண்ணி ஊத்தினனான். உதுக்குள்ள என்ன கிடக்கெண்டு எனக்கென்ன தெரியும்?”

சிரிப்பு வந்தது. சுரூபத்தை விடவும் முடியவில்லை. அதற்குள் கூட்டத்தின் ஓரம் கரையத் தொடங்கிவிட்டது. ஆட்கள் மணிக்கூட்டைப் பார்த்தார்கள். சூசை அண்ணை அவர்களைப் பார்த்தார்.

“வேலைநிறுத்தத்துக்கு வெளிக்கிடுற முகம் உது. எத்தினை தரம் கண்டிருப்பன்” என்றார். “இதுக்கு மருந்து எனக்குத் தெரியும்.”

நேரே பப்புக்குள் போனார். கொஞ்ச நேரத்தில் வெளியே ஒரு மேசை வந்தது, பெரிய தேநீர்க் கொதிகலன் வந்தது, பின்னால் பப்காரர் கோப்பைகளோடு வந்தார். சூசை அண்ணை சட்டைக் கையை மடித்துவிட்டு ஊற்றத் தொடங்கினார். என்ன வேகம்! ஒரு துளி சிந்தவில்லை. முதல் கோப்பை பொலீஸ்காரருக்கு. கேளாமலே சீனியை அள்ளிப் போட்டுக் கலக்கிக் கொடுத்தார். அவர் ஒரு வாய் குடித்தார், தொப்பியைக் கழற்றினார், இழுவை வண்டியைப் பற்றிப் பிறகு பேசவேயில்லை.

பப்பில் இருந்தவர்கள் பியர்க் கிண்ணங்களோடு வெளியே வந்து செபமாலைக்காரர்களோடு நின்றார்கள். லொறியில் நிற்கும் பெண்மணி யார் என்று ஒருவர் கேட்டார். ‘எங்கள் அம்மா’ என்றார் சுவாமியார். கேட்டவர் பியரை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். பெண்கள் பாட்டெடுத்தார்கள். கென் தண்ணீர் விட்டு லொறியைக் கிளப்பியபோது, பப் ஆட்களும் கூடவே கோயில்வரை நடந்தார்கள்.

‘அடுத்த வருடமும் வைப்போம்’ என்றார் சுவாமியார். ‘தேநீரையும் நிகழ்ச்சியில் சேர்த்துவிடுங்கள்.’

அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் லொறி கொதித்தாலும் கொதிக்காவிட்டாலும் அந்த ஏற்றத்தில் நின்றது. இப்போது கென் இல்லை. லொறி யாரிடமோ போய்விட்டது; பூங்காவில் நின்றது அதுதானோ, தெரியாது. பப் இருந்த இடத்தில் அடுக்குமாடி. ஊர்வலம் மின்சாரத்தில் ஓடும் வான் வண்டியின் பின்னால், எங்கும் நிற்காமல், சத்தமில்லாமல் போய்வருகிறது. சவுத்தால் தொழிற்சாலை நிலத்தில் வேறு கட்டடங்கள்.

சூசை அண்ணையும் போய்விட்டார். அடக்கப் பூசையில் புதிதாக வந்த இளம் சுவாமியார், ‘இந்த நாட்டின் லொறிகளைச் செய்த கைகள் இவை’ என்று பிரசங்கம் வைத்தார். நான் ரீற்றாவைப் பார்த்தேன்; கன்ரீன் கதையை அவளுக்கு மட்டும் சொல்லியிருந்தேன்.

“சும்மா இருங்கோ” என்றாள்.

அந்தக் கோயிலில் அந்தத் தொழிற்சாலையைக் கண்ணால் கண்டவர் ஒருவரும் இல்லை. இல்லையென்று சொல்ல ஆளே கிடையாது. நானும் எல்லோரோடும் சேர்ந்து, கொஞ்சம் உரக்கவே, ‘ஆமென்’ என்றேன்.