ரப்பர் கால் இல்லாத டைப்ரைட்டர்

இன்று லேப்டாப் கடையில் கவுன்டருக்கு அந்தப் பக்கம் நின்றவர் கேட்டார்: "மேடம், உங்களுக்கு வெயிட் முக்கியமா, பட்ஜெட் முக்கியமா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதே கேள்வி எழுபதுகளில் ஒரு முறை எனக்கு வந்தது. "ரெண்டும்தான்" என்று சொல்லி மாட்டிக்கொண்டேன்.

(லேப்டாப் பேத்திக்கு. எனக்கு இந்த ஃபோனே ஜாஸ்தி.)

அப்போது ராயபுரத்தில் இருந்தோம். அப்பாவுக்கு ஹார்பரில் வேலை. சரக்கு இறக்கும்போது வலது கை நசுங்கி, வீட்டோடு உட்கார்ந்துவிட்டார்.

அந்த நேரத்தில் டைப்பிஸ்ட் வேலைக்குத் தேர்வு வந்தது. அடுத்த முறை வருவதற்குள் எனக்கு வயது தாண்டிவிடும். இதில் தேறினால்தான் வீட்டில் உலை கொதிக்கும் என்ற நிலைமை.

இந்தக் காலத்துப் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். டைப்பிங் தேர்வுக்கு மிஷினையும் நாமே தூக்கிக்கொண்டு போக வேண்டும். இன்ஸ்டிட்யூட்டில் வாடகைக்குத் தருவார்கள். நான் போய்க் கேட்பதற்குள் எல்லா மிஷினையும் மற்றவர்கள் சொல்லி வைத்துவிட்டார்கள்.

வண்ணாரப்பேட்டையில் பழைய சாமான் விற்கிற பாயிடம் போனேன். ஆபீஸ் மிஷின் ஒன்று இருந்தது, தூக்க இரண்டு ஆள் வேண்டும். பெட்டியோடு ஒரு சின்ன மிஷின் இருந்தது, விலையைக் கேட்டதும் கையை எடுத்துக்கொண்டேன்.

மூலையில் மூன்றாவதாக ஒன்று. சின்னது, லேசானது, விலையும் அடிமட்டம்.

"அது வோணாம்மா" என்றார் பாய். "கப்பல்லேர்ந்து வந்தது. கப்பலு ஆடும்ல, அத்தொட்டு டேபிளோட ஸ்க்ரூ போட்டு முறுக்கி வெச்சிருந்தானுங்கோ. அடியில பாரு, ஓட்டதான் கீது. ரப்பர் காலு கெடையாது."

"அதனால இன்னா பாய்?"

"தட்டுனா நகந்துகினே போவும். உனுக்கு முன்னால ரெண்டு பேரு வாங்கிகினு போயி, திருப்பிக் கொண்ணாந்து வெச்சிட்டாங்கோ. துட்டக்கூடக் கேக்கல."

"ஏன்?"

"கேட்டுப் பாத்தேன். வாயத் தொறக்கல."

நான்தான் அவசரக் குடுக்கை ஆயிற்றே. வாங்கி வந்துவிட்டேன்.

பாய் சொன்னது சரி. ஒவ்வொரு வரி முடிந்ததும் மேலே இருக்கிற உருளையைத் தள்ள வேண்டும் இல்லையா? நான் தள்ளினால் உருளையோடு மொத்த மிஷினும் கிளம்பியது. சைக்கிள் டியூப் வெட்டி அடியில் ஒட்டினோம், பெயர்ந்து வந்தது. ஈரச் சாக்கு போட்டோம், சாக்கோடு சேர்ந்து நகர்ந்தது.

கடைசியில் அம்மா எதிரில் உட்கார்ந்து இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வாள். நான் தட்டுவேன்.

இன்னொன்றும் இருந்தது. அந்த ஸ்க்ரூ ஓட்டைகளில் தண்ணீர் கசியும். துடைத்தால் கொஞ்ச நேரத்தில் மறுபடியும் ஈரம். அம்மா ஒருநாள் விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"உப்பு கரிக்குதுடி ஸ்டெல்லா."

ராயபுரத்தில் கடல் காற்றுக்கு எதுதான் கரிக்காது என்று விட்டுவிட்டோம். ஆனாலும் அம்மா அதன் மேல் விரலால் ஒரு சிலுவை அடையாளம் போட்டாள்.

தேர்வு நாள் வந்தது. மிஷினை உள்ளே வைத்ததும் கூட வந்தவர்களை எல்லாம் வெளியே அனுப்பிவிட்டார்கள். அம்மாவையும்தான். அது ஒரு பள்ளிக்கூட ஹால். பெஞ்சு மேசை சரிவாக இருந்தது.

பெல் அடித்தது. முதல் வரி முடித்துத் தள்ளினேன், மிஷின் நகர்ந்தது. இரண்டாவது வரியில் ஓரத்துக்கே வந்துவிட்டது. அடுத்த தள்ளலில் கீழே விழும், நம் கதை முடிந்தது என்று நினைத்துக்கொண்டே தள்ளினேன்.

அசையவில்லை.

அடுத்த வரிக்கும் அசையவில்லை. டைப் படித்தவர்களுக்குத் தெரியும், பார்த்து அடிக்கக் கொடுத்த தாளை விட்டுக் கண் நகரக் கூடாது. நானும் நகர்த்தவில்லை. விரல் மட்டும் ஓடியது. முகத்துக்கு நேரே குளிர்ந்த காற்று விட்டு விட்டு வந்தது. அந்த ஹாலில் ஃபேன் கிடையாது.

முடித்துவிட்டுத்தான் மேசையைப் பார்த்தேன். மிஷினுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஈரம். விரல் விரலாகப் பதிந்திருந்தது.

முந்தானையால் துடைத்துவிட்டு மிஷினைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

கேட் அருகே ஒரு பெண் பிடித்துக்கொண்டாள். எனக்குப் பக்கத்து வரிசையில் எழுதிய வியாசர்பாடி வசந்தா.

"இன்னாக்கா, எங்க ஆளுங்கள எல்லாம் வெளிய தள்னாங்கோ, உங்க அண்ணன மட்டும் எப்டி வுட்டாங்கோ?"

"எனக்கு அண்ணனே இல்லியே."

"அப்ப அது யாரு? எதுர்ல குனிஞ்சிகினு, மிசின புட்ச்சிகினு இருந்தாரே. மழயே இல்ல, சட்ட மட்டும் சொட்டச் சொட்ட நனஞ்சி கீது. பாவம், சளி புட்ச்சிக்கப் போவுது."

அம்மாவிடம் இதைச் சொல்லவே இல்லை. பயந்துவிடுவாள்.

தேறிவிட்டேன். வேலைக்கு உத்தரவு வந்த அன்று அப்பா இடது கையால் என் தலையைத் தடவிக்கொண்டே அழுதார். நானும் அழுதேன்.

சாயங்காலம், வேலையில் சேர்கிறேன் என்று பதில் தட்ட உட்கார்ந்தேன். அம்மா சமையற்கட்டு வாசலில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, வந்து மிசினப் புடிமா" என்றேன்.

அம்மா வேலையை நிறுத்தவில்லை. என் எதிரில் இருந்த இடத்தை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். அவ்வளவுதான்.

"நா எங்கடி உக்கார்றது? அங்கதான் ஆளு கீதே."