பெல்ட் இல்லாத எஞ்சினுக்குப் பூசை கிடையாது

பாசி என்றால் குளத்துப் படிக்கட்டில் படர்கிற பச்சையைத்தான் எல்லாரும் நினைப்பார்கள். நான் சொல்கிற பாசி வேறு. வருஷம் முழுக்க எஞ்சினின் வெந்நீரில் ஊறி, செத்த தவளையும் வௌவால் புழுக்கையும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து, அள்ளினால் விரலிடுக்கில் சளி மாதிரி வழிகிற கறுப்பு. சங்கரன்கோவிலில் ஓர் எண்ணெய் ஆலையில் நான் எஞ்சின் டிரைவராக இருந்தபோது, ஆண்டுக்கொரு தடவை அதை அள்ள வேண்டும் என்று என் தலையில் எழுதியிருந்தது. இன்றைக்கும் இலையில் வெண்டைக்காய் வழவழத்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது.

எஞ்சினைச் சுற்றி ஓடுகிற தண்ணீர் கொதிக்கக் கொதிக்க வெளியே வரும். அதை ஆறவைத்துத் திரும்ப அனுப்புவதற்காக எஞ்சின் அறைச் சுவரை ஒட்டி மரப்பலகையில் உயரமாக ஒன்று கட்டியிருந்தது. கூலிங் டவர் என்று அதற்குப் பெயர். ஆலையில் எல்லாருக்கும் அது கூண்டுதான். வெந்நீர் உச்சியிலிருந்து உள்ளே இருக்கிற மரச்சட்டங்களில் சிதறி விழும். அடியில் ஓர் இரும்பு விசிறி காற்றை ஊதும். அந்த விசிறிக்கென்று தனி மோட்டார் கிடையாது. எஞ்சினிலிருந்து சுவரோட்டை வழியாக வருகிற ஒரு தோல் பெல்ட்தான் அதைச் சுற்றும். யுத்தம் முடிந்த கையோடு எங்கோ ஏலத்தில் போன கூண்டை முதலாளி வாங்கிவந்து நிறுத்தியிருந்தார்.

கூண்டுக்குள் போக அந்த விசிறியின் வாயைத் தவிர வழி இல்லை. இரும்பு இலைகளுக்கு நடுவே உடம்பை நெளித்து நுழைய வேண்டும். அள்ளிய சகதியை அதே இடுக்கு வழியாகத்தான் வெளியே நீட்ட வேண்டும். பக்கத்தில் ஒரு கதவு வைத்துத் தாருங்கள் என்று முதலாளியிடம் கேட்டேன். "கதவு வச்சா காத்து பூரா வெளிய போயிரும்லா" என்றார். அவர் வீட்டுக் கோழிக்கூட்டுக்குக்கூடக் கதவு இருந்தது.

குருவிகுளம் பக்கத்துக் கடலை வண்டி வண்டியாக வந்து இறங்கிக்கொண்டே இருக்கும். எஞ்சினை நிறுத்த முதலாளிக்கு மனசு வராது. அது ஓய்ந்து நிற்கிற நாள் ஆயுத பூசை ஒன்றுதான், ஆகவே கூண்டைக் கழுவுவதும் அன்றைக்குத்தான். நான் கிறிஸ்தவன், ஊர்ப் பேச்சில் வேதக்காரன், பூசையில் எனக்கு வேலை இல்லை. என்னோடு இறங்குகிறவர் எஞ்சினுக்கு எண்ணெய் போடுகிற அண்ணாச்சி. அவருக்குப் பூசை உண்டு, பக்தியும் உண்டு. ஆனாலும் சகதி அள்ள அவரைத்தான் விடுவார்கள். அந்த எஞ்சின் பக்கத்திலேயே நின்று நின்று அவருக்குக் காது மந்தம். என்ன சொன்னாலும் தலையை ஆட்டுவார்.

வேலை தொடங்குமுன் பெல்ட்டைக் கழற்றி எஞ்சின் அறை ஆணியில் மாட்டினேன். பெல்ட் இல்லாவிட்டால் எஞ்சின் என்ன ஆட்டம் போட்டாலும் விசிறி அசையாது. கணக்கப்பிள்ளை பூச்சரம் கட்டிக்கொண்டிருந்தார். "நாங்க வேலைய முடிச்சிட்டு வந்து சொல்லுத வரைக்கும் இதத் தொடாதீய" என்றேன். "சரி சரி, போம்" என்றார், பூவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அண்ணாச்சி உள்ளே இறங்கினார். நான் வெளியே நின்று வாளியை வாங்கி வாங்கிக் குழியில் கொட்டினேன். முதல் வாளியிலேயே நாற்றம் மூக்கில் ஏறி உட்கார்ந்தது. இடுப்பு வரைக்கும் எனக்குச் சகதி, அவருக்குத் தலை வரைக்கும். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சாம்பிராணி வாசம் வந்தது. அது இந்த நாற்றத்தோடு கலந்தபோது இன்னும் மோசமாக இருந்தது.

கொஞ்ச நேரத்தில் எஞ்சின் அறைக்குள் தீ ஊதுகிற புளோ லாம்ப் சீறுகிற சத்தம் கேட்டது. அந்தக் காலத்து எஞ்சின் அது, தலையைச் சூடாக்கினால்தான் கிளம்பும். பூசை முடிந்ததும் நல்ல நேரத்துக்கு ஒரு சுற்று ஓட்டுவது வழக்கம். ஓட்டினால் ஓட்டட்டும், பெல்ட் ஆணியில்தானே இருக்கிறது என்று நான் பாட்டுக்கு இருந்தேன்.

அண்ணாச்சி தலையையும் தோளையும் இலைகளுக்கு நடுவே நீட்டி வாளியைக் கொடுத்தார். அப்போது விசிறி ஒரு சாண் நகர்ந்தது. இலை அவர் தோளில் உரசி நின்றது. "ஏன்வே ஆட்டுத?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

நான் ஆட்டவில்லை. எஞ்சின் அறையில் யாரோ சந்தனம் பூசுவதற்கு எஞ்சின் சக்கரத்தைக் கையால் உருட்டியிருக்கிறார்கள். சக்கரத்தோடு விசிறியும் நகர்ந்தது என்றால் பெல்ட் மாட்டியாகிவிட்டது. "உள்ளயே இருங்க! தலைய வெளிய நீட்டாதீய!" என்று கத்தினேன். வழக்கம்போலத் தலையை ஆட்டிவிட்டு அடுத்த வாளியை நிரப்பக் குனிந்தார். நிரம்பியதும் மறுபடி தலையை நீட்டத்தான் போகிறார்.

கையில் இருந்த வாளியோடே ஓடினேன். எஞ்சின் அறை வாசலில் கணக்கப்பிள்ளை இரண்டு கையையும் விரித்து மறித்தார். உள்ளே எஞ்சின் பட்டை பட்டையாகச் சந்தனமும் மாலையுமாக நின்றது. பெல்ட்டுக்கும் பொட்டு வைத்திருந்தார்கள்.

"ஏலே, அந்த நாத்தத்தோட உள்ள வராத! குளிச்சிட்டு வா!" என்று முதலாளி மூக்கைப் பொத்தினார்.

"ஆள் உள்ள இருக்காரு! பெல்ட்ட யாரு மாட்டுனா?"

"மூளியா நிக்க எஞ்சினுக்கு எப்படிவே பூசை போட?" என்றார் கணக்கப்பிள்ளை. "கையில்லாத சிலைக்குப் பூசை பண்ணுவாகளா? வேதக்காரனுக்கு இதெல்லாம் எங்க தெரியும்."

"ஒரே ஒரு சுத்துதான். ராகு காலம் வந்துரும், தள்ளி நில்லு" என்றார் முதலாளி. சக்கரத்தை உந்திவிட ஆட்கள் கை வைத்துவிட்டார்கள். ஒருத்தன் முகத்திலும் பதற்றம் இல்லை. என் மேல் இருந்த சகதியைக் கண்டு சுளித்த முகம், உள்ளே ஒரு மனிதன் இருக்கிறான் என்று கேட்டுச் சுளிக்கவில்லை. என் வாழ்நாளில் அத்தனை அருவருப்பு எனக்கு எதன்மீதும் வந்ததில்லை.

கணக்கப்பிள்ளையை முழங்கையால் தள்ளிவிட்டு, வாளிச் சகதியை அப்படியே எஞ்சின் மேல் வீசினேன். புளோ லாம்ப் புசுக்கென்று அணைந்தது. சக்கரம், மாலை, சந்தனம், பெல்ட் எல்லாம் கறுப்பு. முதலாளியின் பட்டு வேட்டியில் ஒரு தவளைக்கால் ஒட்டிக்கொண்டது. சக்கரத்தில் கை வைத்திருந்தவர்கள் தீட்டுப்பட்டதுபோல் விலகி ஓடினார்கள். நான் போய்ப் பெல்ட்டை இழுத்துக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டேன்.

என் சாதி, என் வேதம், என்னைப் பெற்றவள் என்று முதலாளி வரிசையாக ஏசினார். சாமி குத்தம் என்றார். உள்ளே இருந்தவருக்கு என்ன ஆயிற்று என்று மட்டும் அந்த ஏச்சின் நடுவே ஒரு தடவையும் கேட்கவில்லை.

வாளி வாங்க ஆளில்லையே என்று அண்ணாச்சி தானாகவே வெளியே வந்து, வாசலுக்கு வந்து நின்றார். என் தோளில் இருந்த பெல்ட்டைப் பார்த்தார். சக்கரத்தைப் பார்த்தார். தோளில் இலை உரசிய இடத்தைத் தடவினார். காது கேட்காதவருக்கும் விளங்கிவிட்டது. அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தையாவது வரும், நானும் சேர்ந்து நாலு கேட்கலாம் என்று நின்றேன்.

"இத யாருவே கழுவ?" என்று முதலாளி இரைந்தார்.

அண்ணாச்சி கிணற்றடிக்குப் போய்த் தலைக்கு ஊற்றிக்கொண்டார். நெற்றியில் திருநீறு பூசி, பழந்துணி ஒன்றோடு வந்து, எஞ்சின் முன்னால் கன்னத்தில் போட்டுக்கொண்டு, என் சகதியைத் துடைக்கத் தொடங்கினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் கையைப் பிடித்து, "தொடைக்காதீய அண்ணாச்சி, உங்களக் கொல்லப் பாத்தானுவ" என்று காதருகே கத்தினேன்.

அவர் கையை மெல்ல விடுவித்துக்கொண்டார்.

"தலை தப்பிட்டுல்லா தம்பி" என்றார். "இனி வேலையும் தப்பணும்லா."