சகலை கொண்டுவந்த தட்டுகள்

என் சகலை அமெரிக்காவிலிருந்து முதல் முறை பண்டிகைக்கு வந்தபோது ஒரு பை நிறையத் தட்டு கொண்டுவந்தான். சாப்பிடுகிற தட்டு இல்லை. எறிகிற தட்டு. பிளாஸ்டிக். சிவப்பு, மஞ்சள், நீலம். அங்கே லீவு நாளில் காட்டுக்குள் போய் இதை எறிந்து விளையாடுவார்களாம். மேடு, பள்ளம், மரம் எல்லாம் இருந்தால்தான் ருசியாம். தூரத்தில் ஒரு கூடை இருக்கும். தட்டு அதற்குள் விழ வேண்டும். விழாவிட்டால் தட்டு கிடக்கிற இடத்திலிருந்து மறுபடி எறிய வேண்டும். குறைந்த தடவை எறிந்து போட்டவன் ஜெயித்தவன்.

மாமனார் வீடு ஆந்திராவில், நாகலாபுரத்துக்குப் பக்கம். மாந்தோப்பு முடிகிற இடத்தில் மலை ஆரம்பிக்கும். வந்த மறுநாளே அவன் மாங்காய்க் கூடைகளைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போய்விட்டான். மரத்துக்கு ஒன்றாக, இடுப்பு உயரத்தில், வாய் நம்மைப் பார்க்கிற மாதிரி சாய்த்துக் கட்டினான். ஓடைக்கு இந்தப் பக்கம் சில, அந்தப் பக்கம் சில. கடைசிக் கூடை மேலே, பள்ளத்தைத் தாண்டி.

நான் மூத்த மாப்பிள்ளை. ஐந்தாவது வரை படித்தேன். குப்பம் என்கிற ஊரில் கிரானைட் குவாரியில் வேலை. எனக்குப் பெண் கொடுத்த காலத்தில் அந்த வேலைக்கு மதிப்பு இருந்தது. கல் வெளிநாடு போகிறது என்று மாமனார் ஊரெல்லாம் சொன்னார். என் மனைவியின் தங்கைக்கு மாப்பிள்ளை தேடும்போது காலம் மாறிவிட்டது. திருப்பதியில் கம்ப்யூட்டர் படித்தவனைப் பிடித்தார்கள். நான் அறுத்த கல் கப்பல் ஏறியது. அவன் விமானம் ஏறினான். மாமனார் இப்போது கல்லைப் பற்றிப் பேசுவதில்லை.

மாட்டுப் பொங்கலை அந்தப் பக்கம் கனுமு என்பார்கள். அன்று கறி. மாப்பிள்ளைகள் வரிசையாக உட்கார வேண்டும். முதல் இலை மூத்தவனுக்கு. அந்த இலையில் கறி விழுந்த பிறகுதான் மற்ற இலையில் விழும். கல்யாணமான வருடத்திலிருந்து அது என் இலை. அந்த வீட்டில் எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

கனுமு அன்று காலையில் மாமனார் என்னைப் பிடித்தார்.

"இன்னா மாப்ள, உங்க சகல தட்டு எறியறாரு, நீங்க சும்மா பாத்துக்கினு இருக்கீங்க? குவாரி கை ஆச்சே!"

"வெளாட்டுதானே மாமா."

"சும்மா வெளாடுனா இன்னா இருக்குது? பந்தயம் கட்டலாம். ஜெயிக்கற அல்லுடுக்கு இன்னிக்கு மொதல் எல."

அல்லுடு என்றால் மருமகன். தெலுங்கு கலக்காமல் அவருக்குப் பேச வராது. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். உள்ளே அம்மிச் சத்தம் நின்றது.

"பண்டிக நாள்ல இன்னா பேச்சு இது?" என்றாள் அத்தை.

"ஐயோ மாமா, அதெல்லாம் வேணாம். அது அண்ணனுக்குத்தான்," என்றான் சகலை.

என் இலையை அவன் எனக்குக் கொடுக்கிறான். எனக்குச் சுருக்கென்றது.

"பந்தயம்னா பந்தயம்," என்றேன்.

கிளம்பும்போது என் மனைவி பக்கத்தில் வந்தாள். "அவரு ஷூவப் பாத்துக்கினே நடக்காதீங்க. வழியெல்லாம் கல்லு."

அந்த ஷூ வெள்ளையாக இருந்தது. வழியெல்லாம் அதைத்தான் பார்த்தேன்.

முதல் கூடை ஒரு புங்க மரத்தில். நடுவில் ஈச்சம்புதர். பெரியவன் என்று அவன் என்னைத்தான் முதலில் எறியச் சொன்னான். கை பலத்தை எல்லாம் சேர்த்து எறிந்தேன். தட்டு மேலே ஏறிச் சாய்ந்து இடது பக்கம் முள்ளில் போய் விழுந்தது. அவன் ஒரு எட்டு வைத்தான், இடுப்பைத் திருப்பினான், விட்டான். தட்டு ஈச்சம்புதரைச் சுற்றிக்கொண்டு போனது. கயிறு கட்டி இழுத்த மாதிரி. அவன் மூச்சுக்கூட வாங்கவில்லை.

முள்ளுக்குள் போய் நின்றேன். "அண்ணா, நீங்க எறிங்க," என்றான். எறிந்தேன். கூடைக்கு இன்னும் தூரம் இருந்தது. "அண்ணா, நீங்க," என்றான் மறுபடியும்.

அடுத்த கூடையிலும் அப்படித்தான். அதற்கடுத்ததிலும். நான் மரத்தில் அடித்தேன், ஓடையில் போட்டேன். அவன் ஒவ்வொரு முறையும் கையைக் கட்டிக்கொண்டு நின்று, "நீங்க எறிங்கண்ணா," என்றான். தோற்றுக்கொண்டிருக்கிறேன் என்று தெரியும். ஆனாலும் அது கொஞ்சம் குளிர்ச்சியாக இருந்தது. எத்தனை சம்பாதித்தாலும் பெரியவனைத் தாண்டிக் கை நீட்டவில்லை, வளர்ப்பு நல்ல வளர்ப்பு என்று நினைத்தேன். கூடவே தடியை ஊன்றிக்கொண்டு வந்த மாமனாரும் அதையே நினைத்தார்.

"பாத்தீங்களா மாப்ள, பெத்தல்லுடுக்கு மரியாத உட்டுக் குடுக்கறாரா பாருங்க," என்றார். பெத்தல்லுடு என்றால் மூத்த மருமகன், நான்.

ஓடைக்கு அந்தப் பக்கம் ஏற்றம். கூடை ஒரு வேங்கை மரத்தில். முதல் எறி வழக்கம்போல எனக்கு. எப்படி எறிந்தேனோ தெரியாது. தட்டு இரண்டு மரத்துக்கு நடுவே நேராகப் போய்க் கூடைக்குக் கீழே விழுந்தது. மாமனார் விசில் அடித்தார். அவனுடைய தட்டு கிளையில் பட்டுப் பாதி வழியிலேயே விழுந்துவிட்டது.

நான் வேகமாக ஏறினேன். குனிந்து தட்டை எடுக்கப் போனேன். பின்னாலிருந்து விர்ரென்று காதோரம் அவன் தட்டு போனது.

"இன்னாப்பா, நீ எறிஞ்சிட்ட? இப்ப என் மொறதானே?"

"இல்லண்ணா, நான்தான தூரத்துல இருக்கேன். தூரமா இருக்கறவங்கதான் அடுத்தது எறியணும். அதான் ரூல்."

"அப்ப இத்தினி நேரம்?"

அவன் தலையைச் சொறிந்தான். மாமனாருக்கு மெதுவாகத்தான் புரிந்தது. புரிந்ததும் பாறையில் உட்கார்ந்துவிட்டார்.

"தேவுடா! ரூலுக்குக் கூப்புட்டத நாம மரியாதன்னு நெனச்சிக்கினோமே!" கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "மாப்ள, நீங்க எப்பவும் தூரந்தான் போலக்குது!"

நான் சிரிக்கவில்லை. அந்தக் கூடை ஒன்றை நான் ஜெயித்தேன். யாரும் கவனிக்கவில்லை.

கடைசிக் கூடைக்கு நடுவே ஆழமான பள்ளம். இரண்டு பேரும் இக்கரையில் நின்றோம். "அண்ணா," என்றான். அந்த வார்த்தை இப்போது வேறு மாதிரி கேட்டது.

"நீ எறி."

அவன் எறிந்தான். தட்டு பள்ளத்தின் மேலே நிதானமாக மிதந்து போய் அக்கரையில் இறங்கியது. நான் எறிந்தது பள்ளத்துக்குள் போனது. சூரைமுள் அடர்ந்த இடம். போகட்டும், வீட்டுக்குப் போகலாம் என்று நினைத்தேன். அதற்குள் அவன் அந்த வெள்ளை ஷூவோடு இறங்கிவிட்டான். சட்டை கிழிந்தது. கையில் ரத்தக்கோடு. தட்டைத் துடைத்து என்னிடம் நீட்டினான்.

"நீங்க இன்னும் முடிக்கலயே அண்ணா."

அவன் ஒரு கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். மாமனார் அந்தக் கிழிந்த சட்டையைப் பார்த்த பார்வையை நான் பார்த்தேன். என் சட்டை கல்தூசியில் நைந்து கிழிந்தபோது யாரும் அப்படிப் பார்த்ததில்லை.

எறிந்து முடித்தேன். தோற்றேன்.

வீட்டில் இலை போட்டிருந்தார்கள். முதல் இலைக்கு முன்னால் அவன் உட்காராமல் நின்றான்.

"அண்ணா, வாங்க. காலைல பேசனது சும்மா தமாஷு."

மாமனார் வாசல் பக்கம் பார்த்தார். அத்தை சோற்றுத் தட்டோடு நின்றாள். எல்லோரும் நான் உட்கார வேண்டும் என்று காத்திருந்தார்கள். அவன் விட்டுக்கொடுத்த இலையில்.

நான் அடுப்படிக்குப் போய்க் கறி வாளியை எடுத்துக்கொண்டு வந்தேன். அந்த வீட்டில் பரிமாறுகிற ஆள் பந்தியில் உட்காருவதில்லை. யாரும் ஒன்றும் சொல்ல முடியாது.

"உக்காரு. நான் போடறேன்."

அவன் உட்கார்ந்தான். முதல் கரண்டி அவனுக்குப் போட்டேன். எலும்பாகப் பார்த்துத்தான் போட்டேன். அவன் அதையும் ருசித்துச் சாப்பிட்டான். இந்த மாதிரி அங்கே கிடைக்காது என்றான்.

"ஈரல் இருந்தா ஒரு துண்டு போடுங்கண்ணா."

"தீந்துடுச்சி."

மாமனாருக்குப் போடத் திரும்பினேன். பின்னால் என் மனைவி நின்றிருந்தாள். என் கையிலிருந்து கரண்டியை வாங்கினாள். வாளியின் அடிவரை விட்டுத் துழாவி, ஈரலாக எடுத்து அவன் இலையில் வைத்தாள்.

"நல்லா துன்னுங்க," என்றாள் அவனிடம்.

என் முகத்தை அவள் பார்க்கவில்லை. நான் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.