காரியம் முடியும்வரை

எபிரேய வரிகளின் மேல் வலமிருந்து இடமாக நகரும் அக்காவின் விரல்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. ஆக்லாந்தில் பல்கலைக்கழக ஆய்வறை ஒன்றை நாங்கள் இருவரும் பகிர்ந்துகொண்டோம். வயதில் மூத்தவர் என்பதால் அவரை அக்கா என்றே அழைப்பேன். அவர் சென்னைக்காரர், நான் யாழ்ப்பாணத்தாள். இருவரும் படித்தது பதினாறாம், பதினேழாம் நூற்றாண்டு யூதர்களின் அறநூல்களையும் மறைஞான நூல்களையும். தமிழ்ப் பெண்களுக்கு இதில் என்ன வேலை என்று லின்ஃபீல்ட் புறநகரில் இருந்த என் வீட்டார் அடிக்கடி கேட்பார்கள்.

அந்த நூல்களில் ஒரு நம்பிக்கை திரும்பத் திரும்ப வரும். கடமை ஒன்றை முடிக்காமல் இறந்தவரின் உயிர், உயிரோடிருக்கும் ஒருவருக்குள் வந்து தங்கும்; காரியம் முடிந்ததும் போய்விடும். இப்பூர் என்று அதற்குப் பெயர். எபிரேயத்தில் கருவுறுதலுக்கும் அதே சொல்தான். அக்காவின் ஆய்வே அதைப் பற்றியது. ஆனால் நம்மால் மனம் நொந்தவரிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்காதவரை எந்த நோன்பும் பயன் தராது என்று வரும் பக்கங்களில் அவர் விரல் அப்படியே நின்றுவிடும். நகரின் தெற்கே மனுரேவாவில் இருந்த தம்பியோடு அவருக்குப் பல வருடங்களாகப் பேச்சில்லை. அம்மா செத்ததற்குத் தம்பிதான் காரணம் என்று அக்கா எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டிருந்தார். ஒருமுறை என்னிடம், "தப்பு என்மேலதான். போய்ப் பேசணும்" என்றார். போகவில்லை. அதற்குள் மாரடைப்பில் இறந்துவிட்டார்.

அவருடைய எபிரேய அகராதியைத் தம்பியிடம் கொடுப்பதற்காக ரயிலேறினேன். இரண்டு வார்த்தை ஆறுதல் சொல்லிவிட்டுத் திரும்புவதுதான் எண்ணம். கதவு திறந்தது. அதுவரை கண்டிராத அந்த மனிதரைப் பார்த்து என் வாய், "பொம்மு, தப்பு என்மேலதான்டா" என்றது.

அந்தப் பெயரை நான் கேள்விப்பட்டதே இல்லை. யாரையும் 'டா' போட்டு அழைத்ததும் இல்லை. குரல் என் தொண்டையிலிருந்துதான் வந்தது, பேச்சு என்னுடையதல்ல. அவர் கதவைப் பிடித்தபடி கீழே உட்கார்ந்துவிட்டார். அம்மாவும் அக்காவும் தவிர யாரும் தன்னை அப்படிக் கூப்பிட்டதில்லை என்று பிறகு சொன்னார்.

இன்று அந்த நூல்களை நான் கற்பிக்கிறேன். இதையெல்லாம் நம்புகிறீர்களா என்று மாணவர்கள் கேட்டால், எழுதியவர்கள் நம்பினார்கள் என்று சொல்லி அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறேன். வாசலில் நடந்ததைச் சொல்வதில்லை.

அன்று நான் புறப்படும்போது அவர் தயங்கி, "இன்னொரு தடவ கூப்பிடுங்க" என்றார்.

"பொம்மு" என்றேன். யாழ்ப்பாணத்துக் குரல், என் குரல்.

அவர் என் கையிலிருந்த அகராதியை வாங்கிக்கொண்டார். "அக்கா போயிட்டா" என்றார்.