வேலாயுதத்தின் சீமை நெல்லி

வேலாயுதம் போய்விட்டார் என்ற செய்தி காலையில் ஆள் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டிலிருந்து பள்ளிக்கூட வாசலுக்கு வந்தபோது, எனக்கு முதலில் நினைவு வந்தது அவருடைய செடிகள்தான். காய் பிடித்திருந்த நேரம். நெஞ்சுச் சளி என்று ஆஸ்பத்திரிக்குப் போன மனுசன் ஒரு காயைக்கூடக் கடித்துப் பார்க்கவில்லை.

அவரை அறிந்த உங்களுக்கு அவருடைய செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியையும் தெரியும். டிக்கோயாப் பக்கம் தேயிலையை அவரைப் போல ஒரே மட்டமாக வெட்டியவர்கள் குறைவு. துரை பங்களாவின் தோட்டக்காரர் கொடுத்த சீமை நெல்லிக் குச்சிகளை தொழிலாளர் வரிசை வீடான லயத்துக் கோடியில் நட்டு, இடுப்புயர முள்ளுச் செடிகளாக வளர்த்திருந்தார். இரண்டு அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டு, யார் இலங்கையில் இருக்கலாம், யாரை இந்தியாவுக்கு அனுப்புவார்கள் என்று லயமெங்கும் பேச்சாக இருந்த காலம் அது. இந்த மலையிலேயே பிறந்தவருக்கும் தூக்கம் போயிற்று.

"வாத்தியாரே, இது காய்க்கிற வரைக்கும் நம்மள இங்க விட்டு வைப்பாங்களா?" பார்க்கும்போதெல்லாம் இதே கேள்விதான்.

அந்த அவசரத்தில்தான் தவறு செய்தார். வெட்டினால் சீக்கிரம் பலன் வரும் என்று, தேயிலையை வெட்டுவது போலவே எல்லாச் செடிகளையும் முழங்கால் உயரத்துக்கு மட்டம் தட்டிவிட்டார். தளதளவென்று துளிர்த்தன. ஒரு பூ இல்லை. அவர் மனைவி ராசம்மா, "கொழுந்து பறிச்சு தேயிலை ஸ்டோருக்கு அனுப்பப் போறீங்களாக்கும்?" என்று கேட்டார். அன்றைக்கு எங்களோடு வேலாயுதமும் சிரித்தார்.

தோட்டக்காரர் வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். பழைய கிளையில்தான் இது காய்க்குமாம். நடுவில் நெருக்குவதை மட்டும் கழித்து, வெளிச்சம் விட வேண்டுமாம்.

"அப்ப இன்னொரு வருசம் போச்சா?" என்றார் வேலாயுதம். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

பிறகு கத்தியோடு செடி முன்னால் நிற்பார். ஒரு கிளையைப் பிடிப்பார், விட்டுவிடுவார். "பயமா இருக்கு வாத்தியாரே. தப்பா வெட்டிட்டா, திருத்திக்க அடுத்த வருசம் இங்க இருப்பமோ என்னமோ." தேயிலை மலையில் ஒருநாளும் தயங்காத கை அது. ஆனாலும் நடுவில் நெருக்கியதை மட்டும் கழித்தார்; இந்த வருசம் காய் பிடித்தது.

கருமாதிக்கு மறுநாள் ராசம்மா ஒரு கிண்ணம் நிறையக் காய் கொண்டுவந்தார். ஒன்றைக் கடித்தேன், பல் கூசியது. "எங்க பேரு இந்தியாவுக்குன்னு வந்திருச்சுங்க. இத வேரோட பேத்து எடுத்துட்டுப் போனா, அங்க வெயிலு தாங்குமா?" என்று கேட்டார். தாங்காது என்று எனக்குத் தெரியும். பார்க்கலாம் என்று மட்டும் சொன்னேன்.

வேலாயுதம் கடைசியாகக் கழித்த குச்சிகளை என் வீட்டுக்குப் பின்னால் நட்டிருக்கிறேன். பள்ளிக்கூடம் விட்டதும் போய்த் துளிர் விட்டிருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிறேன். வேலாயுதத்திடமிருந்து எனக்கு மிஞ்சியவை அந்தக் குச்சிகளும் அவருடைய கேள்வியும்தான். என் பெயருக்கு இன்னும் முடிவு வரவில்லை.