மலை இல்லாத இடம்

லுணுகலைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் முப்பத்தொரு வருடம் கொழுந்து பறித்தவள் ரெங்கம்மா. இரண்டு வருடங்களுக்கு முந்திய ஐப்பசி மழையில் தொழிலாளர் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் மலை சரிந்து, அவள் வீட்டின் பின்சுவரை மண் தள்ளிவிட்டது. உயிர் தப்பியது பெரிய காரியம். இனி அங்கே யாரும் குடியிருக்கக் கூடாது என்று அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். அவளும் கணவன் வீரசிங்கமும் முதலில் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள், பிறகு தகரக் கொட்டகையில். புது வீடு வருகிறது, வருகிறது என்றார்கள். வரவில்லை.

கடைசியில் லுணுகலைக் கடைக்காரர் பாறூக் ஒரு வழி சொன்னார். மொனராகலைப் பக்கம் அவருக்கு அரை ஏக்கர் காணியும் சின்ன வீடும் இருந்தன.

"சும்மாதான் கெடக்கு. குடியிருந்து பாத்துக்கங்க. ஆனா ஒட்டுனாப்ல காடு. யானை வரும். பின்னாடி சொல்லலன்னு சொல்லாதீங்க."

பதுளையில் இருக்கும் மகள் நிரஞ்சலாவிடம் போய்விடலாம் என்றார் வீரசிங்கம். அங்கே ஒற்றை அறையில் ஏற்கனவே ஐந்து பேர். ரெங்கம்மா காணியைப் போய்ப் பார்த்தாள். தரை சமமாகக் கிடந்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் தலைக்கு மேலே மலை இல்லை. அவளுக்கு அது போதுமாயிருந்தது.

போன கையோடு வாழை வைத்தாள். அங்கேதான் தப்புச் செய்தாள். தார் முற்றிய சமயம், ஒருநாள் இருவரும் சந்தைக்குப் போய்விட்டு மத்தியானம் திரும்பினால், வாழை முழுவதும் மிதிபட்டுக் கிடந்தது. சமைக்கிற குசினியின் சுவரில் பெரிய ஓட்டை. அரிசி மூட்டையும் உப்பும் போயிருந்தன.

வீரசிங்கம் முற்றத்திலேயே உட்கார்ந்துவிட்டார். "போதும் ரெங்கம்மா. திரும்பிப் போயிருவோம்."

"எங்கங்க போறது? அந்தக் கொட்டகைக்கா?" பையைப் போட்டுவிட்டு அவளும் உட்கார்ந்தாள். "யானை வந்தா ஓடவாச்சும் நேரம் இருக்கு. மண்ணு வந்தப்ப நமக்கு என்ன தெரிஞ்சிச்சு? இன்னொரு தடவ சாமான் கட்ட என்னால முடியாதுங்க."

வீரசிங்கம் எழுந்து, சுவர் ஓட்டையை அடைக்க மண் குழைத்தார்.

மிச்சமிருந்த வாழைக் கன்றுகளை அவளே தோண்டி எறிந்தாள். வேலியோரம் யானை தொடாத எலுமிச்சை நட்டாள். இரண்டு நாளைக்குத் தேவையான அரிசிக்கு மேல் வீட்டில் வைப்பதில்லை.

அதற்குப் பிறகும் யானை வந்தது. ஒரு சாயங்காலம் வேலிக்கு அப்பால் கிளை முறியும் சத்தம் கேட்டு, இருவரும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே நின்றார்கள். சத்தம் மெல்ல விலகியது.

"போயிருச்சா?" என்றார் அவர்.

"போயிருச்சுங்க," என்று சொல்லிவிட்டு, தேத்தண்ணிக்கு அடுப்பை மூட்டப் போனாள் ரெங்கம்மா.